எஸ்டிஆருக்கு எந்தக் கணினி? வாசகர் கேள்வி பதில்

ஹேம் ரேடியோவுக்காக எஸ்டிஆர் (சிக்னலை மென்பொருளால் பிரித்தெடுக்கும் ரேடியோ) வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கணினி பற்றிக் கேட்டவை இந்த இதழில். முதலில் ரேடியோ, அடுத்து அதை இயக்கும் மென்பொருள், மூன்றாவதாகத்தான் கணினி. இந்த வரிசையை மாற்றி வாங்குவதால் வரும் சிக்கல்களைத்தான் கீழே உள்ள கேள்விகளில் பல பேசுகின்றன.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஒன்று இருக்கிறது. 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) வாங்கிக் கேட்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். புதுக் கணினி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம், அதுவே தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த டாங்கிளை நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் ஓட்டுவது வழக்கம். ஒவ்வொரு சாம்பிளிலும் சிக்னலின் இரு பாகங்களான ஐ ஒரு பைட், க்யூ ஒரு பைட். ஆக நொடிக்கு 4.8 எம்பி. யுஎஸ்பி 2.0 போர்ட்டே இதைப்போல ஏழு மடங்குக்கு மேல் தாங்கும். அதிலிருந்து ஓர் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்க அலைப்பட்டை) குரலைப் பிரித்தெடுப்பதும் வாட்டர்ஃபால் (சிக்னல்களை நகரும் படமாகக் காட்டுவது) வரைவதும் உங்கள் ஐ5-க்குப் பெரிய வேலை இல்லை.

மென்பொருளில் நொடிக்கு 3.2 மெகாசாம்பிள் (32 லட்சம் சாம்பிள்) வரை வைக்க இடம் இருக்கும், வைக்காதீர்கள். 2.4-ஐத் தாண்டினால் சாம்பிள்கள் வழியிலேயே விடுபடத் தொடங்கும். அது டாங்கிளின் எல்லை. எவ்வளவு வலுவான கணினியாலும் அதை மாற்ற முடியாது. மாறாக, கணினி திணறுவதாகத் தெரிந்தால் 1.024-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

செலவு செய்வதானால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். ரேடியோ கேட்பதற்கு டிஸ்க் வேகம் தேவையில்லைதான். ஆனால் பின்னணியில் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடும்போது ஹார்டு டிஸ்க் உள்ள கணினி மொத்தமாகவே தடுமாறும். அந்த நேரத்தில் ஒலி அறுந்து அறுந்து வரும்.

இயங்குதளத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டு, எஸ்டிஆர்++ அல்லது ஜிக்யூஆர்எக்ஸ் நிறுவுவது இந்த லேப்டாப்புக்குப் பொருத்தமான வழி. லினக்ஸில் ஒரு தடங்கல் வரும்: கெர்னல் இந்த டாங்கிளை டிவி டியூனர் என்று எடுத்துக்கொண்டு தன் டிவி டிரைவரை ஏற்றிவிடும், பிறகு எஸ்டிஆர் மென்பொருள் திறக்கப்போனால் "சாதனம் பயன்பாட்டில் உள்ளது" என்று நிற்கும். அந்த டிவி மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்து ஒருமுறை ரீபூட் செய்தால் சரியாகும்.

விண்டோஸிலேயே இருப்பதானால் ஸாடிக் என்ற சிறு புரோகிராமால் வின்யுஎஸ்பி டிரைவரை ஏற்ற வேண்டும். பட்டியலில் "பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0" என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் கீபோர்டையோ வெப்கேமையோ தேர்ந்தெடுத்து டிரைவரை மாற்றிவிட்டால் அந்தச் சாதனம் வேலை செய்யாமல் போகும். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை நீக்கிவிட்டு ரீபூட் செய்தால்தான் திரும்பும்.

கேள்வி: புதிதாகவே வாங்கப்போகிறேன். எஸ்டிஆரை இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கணினி சொல்ல முடியுமா?

எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்று வாங்கினால் தேவைக்கு மேல் செலவாகும். எஸ்டிஆர்களில் கணினியிடம் கேட்கும் வேலை ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசப்படும்.

ஐகாம் ஐசி-7300 போன்ற ரேடியோக்களில் சிக்னலைப் பிரிக்கும் வேலை முழுவதும் உள்ளேயே முடிந்துவிடுகிறது. யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு வருவது ஒலியும் கட்டுப்பாட்டுக் கட்டளைகளும் மட்டும். இதற்கு எந்தக் கணினியும் போதும். ஃபிளெக்ஸ்ரேடியோவின் 6000 வரிசையும் கிட்டத்தட்ட இப்படித்தான்: கனமான கணக்கு ரேடியோவுக்குள், திரையில் வரைவது கணினியில். அங்கே சிபியுவை விட ஒழுங்கான நெட்வொர்க் முக்கியம்.

அடுத்த வகை, ஹெர்மிஸ் லைட் 2, ஆனன் போன்றவை. ஈதர்நெட் வழியாக, ஏற்கெனவே குறுக்கப்பட்ட அலைக்கற்றையை அனுப்பும். ஒரு ரிசீவருக்கு 384 கிலோஹெர்ட்ஸ், சாம்பிளுக்கு 6 பைட் என்றால் நொடிக்கு 2.3 எம்பிதான். ஆனால் டீமாடுலேஷன் (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிப்பது), இரைச்சல் நீக்கல், அனுப்பும்போது ஒலியைச் சீராக்குவது எல்லாம் கணினியின் பொறுப்பு. நான்கு கோர் உள்ள, கடந்த ஏழெட்டு வருடத்துக்குள் வந்த எந்தச் செயலியும் இதைச் செய்யும். வைஃபையில் ஓட்ட ஆசைப்படாதீர்கள். சராசரி வேகம் போதுமானதாக இருந்தாலும் பாக்கெட்டுகள் சில மில்லிநொடி தாமதித்து மொத்தமாக வந்து சேரும். அனுப்பும்போது அது சிக்னலிலேயே பிளவாகத் தெரியும்.

மூன்றாவது வகைதான் கணினியை உண்மையில் வேலை வாங்குவது. எஸ்டிஆர்பிளே கருவிகள் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை, ஏர்ஸ்பை ஆர்2 நொடிக்கு 10 மெகாசாம்பிள், ஹேக்ஆர்எஃப் ஒன் 20 மெகாசாம்பிள் என்று அப்படியே பச்சையாக யுஎஸ்பியில் கொட்டும். ஹேக்ஆர்எஃபின் 20 மெகாசாம்பிள் என்பது நொடிக்கு 40 எம்பி, யுஎஸ்பி 2.0-இன் நடைமுறை எல்லையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். லைம்எஸ்டிஆர் 61.44 வரை போகும், அதற்கு யுஎஸ்பி 3.0 கட்டாயம். முழு அகலத்தையும் பார்ப்பதானால் ஆறு கோர், ஒற்றைக் கோர் வேகம் அதிகமுள்ள செயலியாகப் பாருங்கள். கோர் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோர் வேகத்தையே வலியுறுத்துகிறோம். பல மென்பொருள்களில் யுஎஸ்பியிலிருந்து சாம்பிள் வாங்கி முதல் வடிகட்டலைச் செய்யும் பகுதி ஒரே கோரில்தான் ஓடுகிறது. பதினாறு கோர் இருந்தாலும் அந்த ஒன்று நிரம்பினால் கதை முடிந்தது.

ராம் 8 ஜிபி போதும், 16 நிம்மதி. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கை விட இரண்டு 8 ஜிபி ஸ்டிக் நல்லது. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால் வாட்டர்ஃபால் சீராக ஓடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது யுஎஸ்பி. வெளியே நான்கு போர்ட் தெரிந்தாலும் உள்ளே ஒரே கன்ட்ரோலராக இருக்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "இணைப்பின்படி காட்டு" என்று மாற்றிப் பார்த்தால் எது எதோடு தொங்குகிறது என்பது தெரியும். இரண்டு எஸ்டிஆர், ஒரு யுஎஸ்பி ஒலி அட்டை, வெளி டிஸ்க் என்று எல்லாம் ஒரே ஹப்பில் இருந்தால் யுஎஸ்பி 2.0 சாதனங்கள் எல்லாமே அந்த ஒற்றை 480 மெகாபிட் வழியைத்தான் பங்குபோடும். டெஸ்க்டாப் என்றால் தனி யுஎஸ்பி கார்டு ஒன்றைப் பொருத்தி எஸ்டிஆரை அதில் மட்டும் வைக்கலாம். டைப்-சி போர்ட் இரண்டே உள்ள மெல்லிய லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: சிபியு பயன்பாடு 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் ஒலி டிக் டிக்கென்று அறுகிறது. இன்னும் பெரிய கணினி வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒரே மாதிரி ஒலியில் தெரியும்.

முதலாவது, அந்த 25 சதவீதமே. உங்கள் செயலி நான்கு கோர் என்றால், ஒரு கோர் முழுக்க நிரம்பியிருப்பதும் 25 என்றுதான் காட்டும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் புராசஸரும் தனித்தனியாகத் தெரியும்படி மாற்றுங்கள். ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் சாம்பிள் வேகத்தைக் குறையுங்கள், எஃப்எஃப்டி (அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் கணக்கு) அளவையும் குறையுங்கள். 2.4 மெகாசாம்பிளில் 65,536 எஃப்எஃப்டி என்றால் ஒரு புள்ளி 37 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் வைத்தாலும் முழு அகலக் காட்சியில் உங்கள் திரையின் 1,920 பிக்சலுக்குள்தான் அத்தனையும் அடங்க வேண்டும். நன்றாக ஸூம் செய்து பார்க்கும்போது மட்டுமே பெரிய எஃப்எஃப்டிக்குப் பயன் உண்டு.

எந்தக் கோரும் நிரம்பவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவர்களை. ஏதோ ஒரு டிரைவர் செயலியைச் சில மில்லிநொடி பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலி பஃபர் காலியாகிவிடுகிறது. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை 10 நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் பிடிபடுவது வைஃபை டிரைவர், அடுத்தது கிராஃபிக்ஸ். வைஃபையை அணைத்துவிட்டு ஈதர்நெட் கேபிளைச் செருகி மறுபடி சோதியுங்கள். அதோடு பவர் பிளானில் மூன்று மாற்றம் வேண்டும்: செயலியின் குறைந்தபட்ச நிலை 100 சதவீதம், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் நிறுத்தம், பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் பவர் சேமிப்பு நிறுத்தம். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் "மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் இந்த வேலைகளைச் செய்யாமல் எஸ்டிஆரைக் குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது, பஃபர் மிகச் சிறிதாக இருப்பது. 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் 10.7 மில்லிநொடி; 2,048 என்றால் 42.7. வெறுமனே கேட்பதற்கு 2,048-க்கும் மேலே வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நான்காவதை மிகச் சிலரே யோசிக்கிறார்கள். அறுபடல் கிட்டத்தட்ட சம இடைவெளியில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறதா? அப்படியானால் கணினி வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஸ்டிஆரின் கிரிஸ்டலும் ஒலி அட்டையின் கிரிஸ்டலும் வெவ்வேறு கடிகாரங்கள். இரண்டுக்கும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50) வித்தியாசம் இருந்தால் நொடிக்கு 2.4 சாம்பிள் சேர்ந்துகொண்டே போகும், அல்லது குறைந்துகொண்டே போகும். 2,048 சாம்பிள் பஃபர் 14 நிமிடத்தில் வழிந்துவிடும் அல்லது வறண்டுவிடும். அந்தக் கணத்தில் ஒரு கிளிக். பல மென்பொருள்களில் இதைச் சரிக்கட்ட, சாம்பிள் வேகத்தை ஒத்துப்போக மாற்றும் ரீசாம்பிளர் இருக்கிறது, அதை இயக்குங்கள். அது இல்லாத மென்பொருளில் பஃபரைப் பெரிதாக்கினால் கிளிக்குகளுக்கு நடுவே இடைவெளி கூடும், முழுதாக நிற்காது.

கேள்வி: சிறிய கணினியில் எஃப்டி8 (குறுஞ்செய்திகளை டிஜிட்டல் ஒலியாக அனுப்பும் முறை) டிகோட் ஆகிறது, ஆனால் பட்டியல் தாமதமாக வருகிறது. பதில் அனுப்பும் நேரம் தவறிவிடுகிறது.

எஃப்டி8-இல் ஒரு சுற்று 15 நொடி. அனுப்புதல் 12.64 நொடி நீளம். மிச்சமுள்ள இரண்டு நொடிச் சொச்சத்துக்குள் டிகோட் முடிந்தால்தான் அடுத்த சுற்றில் நீங்கள் பதில் கொடுக்க முடியும். நெரிசலான பேண்டில் ஒரே சுற்றில் முப்பது நாற்பது நிலையங்கள் இருக்கும்போது மெதுவான செயலி அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் டிகோட் மெனுவில் "டீப்" இருந்தால் "நார்மல்" ஆக்குங்கள், போதாவிட்டால் "ஃபாஸ்ட்". சில பலவீனமான நிலையங்கள் விடுபடும். ஆனால் நேரத்துக்கு முடியும். கூடவே எஸ்டிஆர் மென்பொருளின் வாட்டர்ஃபாலை மூடிவிடுங்கள் அல்லது நொடிக்கு 10 பிரேமாகக் குறையுங்கள். சிறிய கணினியில் அது விழுங்கும் நேரம் கணிசம்.

பட்டியலில் டிடி (சிக்னல் எத்தனை நொடி தள்ளி வந்தது) என்ற நெடுவரிசையையும் பாருங்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரே மாதிரி 0.8, 0.9 என்று காட்டினால் ஒன்று உங்கள் கடிகாரம் தப்பு, இல்லையென்றால் எஸ்டிஆர் மென்பொருளிலும் விர்ச்சுவல் ஆடியோ கேபிளிலும் (ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கொடுக்கும் புரோகிராம்) பஃபர் பெரிதாகி ஒலி அவ்வளவு தாமதமாக வருகிறது. கடிகாரத்தை, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் ஒரு என்டிபி புரோகிராமால் சரிசெய்த பிறகும் டிடி மாறாவிட்டால் பஃபர்தான் காரணம். விர்ச்சுவல் கேபிளின் இரு முனைகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். ஒரு முனை 44.1 என்று இருந்தால் விண்டோஸ் இடையில் புகுந்து மாற்றும். அதற்கும் செயலி நேரம் போகும். சிக்னல் இல்லாத வெறும் இரைச்சலில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் மீட்டர் 30 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை வையுங்கள்.

கேள்வி: எஸ்டிஆரில் சிடபிள்யூ (மோர்ஸ்) அடிக்கும்போது சைடுடோன் (நான் அடிப்பது எனக்கே கேட்கும் ஒலி) தாமதமாகக் கேட்கிறது, கை தடுமாறுகிறது. வேகமான கணினி இதைத் தீர்க்குமா?

ஓரளவு குறைக்கும், தீர்க்காது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டாட்டின் (மோர்ஸ் புள்ளியின்) நீளம் 60 மில்லிநொடி. 25 சொல்லில் 48. சாதாரண விண்டோஸ் ஒலிப்பாதை மட்டுமே 100 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் இரண்டாவது டாட்டை அடிக்கும்போதுதான் முதலாவது காதில் விழுகிறது. ஏஎஸ்ஐஓ அல்லது வாசாபி எக்ஸ்குளூசிவ் என்ற, தாமதம் குறைந்த ஒலி முறைக்கு மாற்றினால் பெரிய முன்னேற்றம் தெரியும். ஆனாலும் சரியான வழி, சைடுடோனைக் கணினியிடமிருந்து பிடுங்கிவிடுவதுதான்: தன் ஸ்பீக்கரிலேயே டோன் தரும் வெளிக் கீயர், அல்லது கீயிங்கையும் சைடுடோனையும் ரேடியோவின் எஃப்பிஜிஏ சிப்பிலேயே செய்யும் கருவி. தீவிரமாக சிடபிள்யூ செய்பவர் ரேடியோ வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: கணினியை ஆன் செய்தாலே 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் எஸ்5 (சிக்னல் மீட்டரில் 5) வரை ஏறுகிறது. இரைச்சல் இல்லாத கணினி என்று ஏதாவது உண்டா?

இரைச்சலே இல்லாத கணினி கிடையாது. இரைச்சல் ஆன்டெனாவை எட்டாத ஏற்பாடு உண்டு. கணினி தேர்வில் நாங்கள் சிபியுவை விட அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். எவ்வளவு நல்ல எஸ்டிஆரும் எஸ்5 இரைச்சலுக்குக் கீழே உள்ள நிலையத்தை உங்களுக்குக் கேட்கவைக்காது.

முதலில் ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது யுஎஸ்பி கேபிள் வழியாகவோ எஸ்டிஆரின் மின்சாரம் வழியாகவோ நுழைகிறது. மறைந்துவிட்டால் ஆன்டெனாவே அதைப் பிடிக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஃபெரைட் (கேபிளில் மாட்டி இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) வாங்கிக் குவிக்காதீர்கள்.

அடுத்து லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். வாட்டர்ஃபாலில் பல பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், மங்கலான அகன்ற கோடுகளாக, மெல்ல நகர்ந்துகொண்டே தெரிபவை சுவிட்ச் மோடு சப்ளையின் வேலை. சார்ஜரைப் பிடுங்கியதும் அவை மறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. நகராமல் ஊசி மாதிரி நிற்கும் கோடுகள் ஏதோ ஒரு கிரிஸ்டலிலிருந்து வருபவை. 14.030, 21.052 மெகாஹெர்ட்ஸ் அருகே அப்படித் தெரிந்தால் ஈதர்நெட்டைச் சந்தேகியுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டரிலிருந்தும் அது வரலாம். மானிட்டரையும் தனியாக அணைத்துப் பாருங்கள். பவர்லைன் வழியாக இன்டர்நெட் கடத்தும் அடாப்டர் வீட்டில் இருந்தால் அதை எடுத்துவிடுவதே நல்லது.

ஃபெரைட்டில் எல்லாம் ஒன்றல்ல. ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளுக்கு 31 மிக்ஸ் என்ற ஃபெரைட் கலவையைக் கேளுங்கள். கேபிளின் மேல் ஒரே ஒரு கிளிப்-ஆன் ஃபெரைட் மாட்டிவிட்டு "பயன் இல்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஒரு துளையில் ஒருமுறை போகும் கேபிளுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் தடை மிகக் குறைவு. சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் தடை கூடும்: மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 2.4 அங்குல விட்டமுள்ள 31 மிக்ஸ் வளையத்தில் சார்ஜரின் மெல்லிய டிசி கேபிளைப் பத்து சுற்று போல, சார்ஜர் பக்கத்துக்கு ஒட்டிச் சுற்றுங்கள். யுஎஸ்பி கேபிளில் ஐந்தாறு சுற்று.

எஸ்டிஆரை லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகாமல் ஷீல்டு உள்ள 1 அல்லது 2 மீட்டர் யுஎஸ்பி 2.0 கேபிளில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 2.0 போதுமான கருவியை 3.0 போர்ட்டில் செருக வேண்டாம், 3.0-இன் 5 ஜிகாபிட் சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்த இரைச்சல் கொடுக்கும் என்பதை இன்டெல்லே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் கண்ணாடிப் பக்கம் வைத்த, விளக்கு மின்னும் கேஸ் வேண்டாம். நாலாபுறமும் உலோகம் மூடிய சாதாரணக் கேஸ், ஒழுங்கான லைன் ஃபில்டர் உள்ள பவர் சப்ளை.

கேள்வி: ராஸ்பெரி பை போதுமா, மினி பிசி வாங்கலாமா?

ஆன்டெனாவுக்கு அருகே வைத்து சாம்பிள்களை வீட்டுக்குள் அனுப்பும் சர்வராக, எஃப்டி8 மட்டும் இரவும் பகலும் டிகோட் செய்யும் பெட்டியாக பை மிக நல்லது. பை 4-ம் 5-ம் இதற்குத் தகுதியானவை. பை 3-இல் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் ஒரே யுஎஸ்பி 2.0 வழியைப் பங்கிடுவதால் சர்வர் வேலைக்குத் தவிர்க்கலாம். டாங்கிளின் சாம்பிள்களை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்டிஎல்_டிசிபி முழு 2.4 மெகாசாம்பிளையும் அனுப்பினால் 38.4 மெகாபிட், வைஃபையில் அது விட்டுவிட்டு வரும். ஸ்பைசர்வர் போன்றவை நீங்கள் கேட்கும் குறுகிய பகுதியை மட்டும் அனுப்புவதால் நெட்வொர்க் சுமை பல மடங்கு குறையும்.

பையில் கோளாறு என்று வருபவை பெரும்பாலும் மின்சாரமும் சூடும்தான். பை 5-ஐ 3 ஆம்பியர் சப்ளையில் ஓட்டினால் எல்லா யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் சப்ளை போட்டால் 1.6 ஆம்பியர். ஒரு டாங்கிளே 300-ஐ நெருங்குவதால் இரண்டு டாங்கிள் செருகினால் எல்லையில் நிற்கும். 80 டிகிரியில் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் மூடிய பெட்டியில் மின்விசிறி இல்லாமல் வைக்காதீர்கள்.

திரையோடு உட்கார்ந்து தினமும் இயக்குவதற்கு இன்டெல் என்100 மினி பிசியைச் சிபாரிசு செய்வோம். நான்கு கோர், 6 வாட் செயலி. ஒரு டாங்கிள் அல்லது ஹெர்மிஸ் லைட் 2, கூடவே எஃப்டி8, லாக் புரோகிராம் எல்லாம் தாங்கும். 10 மெகாஹெர்ட்ஸ் அகல வாட்டர்ஃபாலில் மூச்சு வாங்கும். 12 வோல்ட்டில் ஓடும் மாடலாகத் தேடுங்கள். அதனோடு வரும் சுவர் அடாப்டரை ஒதுக்கிவிட்டு, இரைச்சல் குறைந்த லீனியர் சப்ளையிலிருந்து ஓட்டலாம். ரேடியோவின் 13.8 வோல்ட்டை நேராகக் கொடுப்பதற்கு முன், அந்தப் பெட்டி எதுவரை ஏற்கும் என்று குறிப்பில் பாருங்கள்; 12-க்கு மேல் ஏற்காதது என்றால் நடுவே ரெகுலேட்டர் வேண்டும்.

கேள்வி: மேக், லினக்ஸ், ஏஆர்எம் விண்டோஸ்?

உங்கள் மென்பொருள்தான் இதற்குப் பதில். தீட்டிஸ், எஸ்டிஆர் கன்சோல், எஸ்டிஆர் ஷார்ப், ஹெச்டிஎஸ்டிஆர் ஆகியவை விண்டோஸுக்கானவை. எஸ்டிஆர்++, எஸ்டிஆரேஞ்சல், க்விஸ்க், க்னு ரேடியோ மூன்று தளத்திலும் ஓடும். ஏஆர்எம் செயலி உள்ள விண்டோஸ் லேப்டாப்பை இப்போதைக்கு இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். பழைய புரோகிராம்களை எமுலேஷனில் ஓட்டிவிடும், ஆனால் கெர்னல் டிரைவர்கள் ஏஆர்எம்-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். எஸ்டிஆருக்கோ விர்ச்சுவல் கேபிளுக்கோ அது இல்லாவிட்டால் வழியே இல்லை.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டு தேவையா?

தேவையில்லை. எஸ்டிஆர் கன்சோல் போன்ற சிலவற்றில் எஃப்எஃப்டி கணக்கை ஜிபியுவுக்குக் கொடுக்கலாம். பல மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது உதவும். 4கே திரை வாங்கினால் மட்டும் யோசியுங்கள்: 1080-ஐ விட நான்கு மடங்கு பிக்சல், வாட்டர்ஃபால் அவ்வளவையும் நொடிக்குப் பலமுறை நகர்த்த வேண்டும்.

கேள்வி: முழு பேண்டையும் பதிவு செய்து பிறகு கேட்க ஆசை. எவ்வளவு டிஸ்க் வேண்டும்?

768 கிலோசாம்பிள், 16 பிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபி. 2.4 மெகாசாம்பிள் 16 பிட்டில் 34.6 ஜிபி. 10 மெகாசாம்பிள் என்றால் 144 ஜிபி. கடைசியுள்ளதற்குக்கூட நொடிக்கு 40 எம்பிதான் எழுத வேண்டும். வேறு வேலை இல்லாத தனி ஹார்டு டிஸ்க்கே போதும். விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் எழுதினால்தான் இடறும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும், எஃப்ஏடி32 டிஸ்க்கும் அப்படியே. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபாட் டிஸ்க்கும், கோப்பைத் துண்டாக எழுதும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 100 வாட் அனுப்பியவுடன் யுஎஸ்பி துண்டித்துக்கொள்கிறது. 21 மெகாஹெர்ட்ஸில் மட்டும். கணினியின் போர்ட் பழுதா?

ஒரு பேண்டில் மட்டும் நடந்தால் போர்ட் மீது சந்தேகம் வேண்டாம். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) அதே 100 வாட் அனுப்பிப் பாருங்கள். துண்டிப்பு நின்றால், ஆன்டெனாவிலிருந்து ஆர்எஃப் கேபிள்களின் வெளிப்புறமாக அறைக்குள் வருகிறது. அந்த அலைநீளத்துக்கு உங்கள் யுஎஸ்பி கேபிளும் கோஆக்ஸும் சேர்ந்து வாகான நீளத்தில் இருக்கின்றன. ஆன்டெனாவின் ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) காமன் மோட் சோக் (கேபிளின் வெளிப்புற ஆர்எஃபைத் தடுப்பது) ஒன்று, ரேடியோ பக்கம் கோஆக்ஸில் இன்னொன்று, யுஎஸ்பி கேபிளின் இரு முனைகளிலும் 31 மிக்ஸில் ஐந்தாறு சுற்று. ரேடியோ, சப்ளை, கணினிக் கேஸ் மூன்றையும் அகலமான குட்டைப் பட்டையால் ஒன்றோடொன்று இணையுங்கள்.

டம்மி லோடிலும் துண்டித்தால் காரணம் வேறு. மினி பிசியையும் ரேடியோவையும் ஒரே 13.8 வோல்ட் சப்ளையில் வைத்திருக்கிறீர்களா? 100 வாட் அனுப்பும்போது ரேடியோ 20 ஆம்பியர் போல இழுக்கும். மெல்லிய வயரில் அந்த நேரம் வோல்ட் ஒன்றரை குறைந்தால் மினி பிசி தாங்காது. கணினிக்கு சப்ளையின் முனையிலிருந்தே தனி வயர் இழுத்து, அனுப்பும்போது கணினி முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.